கூட்டம் முடியும் வரை

வெர்னா ஹூக்ஸ்ட்ராவின் வீடு தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நகர்ந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து லாரியின் பின்னால் ஆடிக்கொண்டே வந்து, லாஸ் பெராலெஸ் ஊரின் கிழக்கு ஓரத்தில், குவெயில் ஹாலோ குடியிருப்பில் உட்கார்ந்ததோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு நிலநடுக்கம் வந்தது. அப்போதுகூட அது அசையவில்லை.

இருந்தாலும் அதற்குப் பெயர் நடமாடும் வீடு.

அந்தப் பெயரை வைத்த ஆள் யாரென்று வெர்னாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இந்த வருஷம் அவள் கழுத்துக்கு வந்த கத்தியைத் தீட்டியது அந்த ஒரு சொல்தான்.

வீடு வெர்னாவுடையது. வீடு நிற்கும் தரை இன்னொருவருடையது. தரைக்கு மாதாமாதம் வாடகை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். கணவன் போன பிறகு, வரும் பென்ஷனில் வாடகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் பெட்யூனியாப் பூந்தொட்டிகளுக்கு உரமும் தனக்குக் காப்பித்தூளும் வாங்கி, யாருக்கும் தலைவணங்காமல் இருந்துவந்தாள்.

தரையின் பழைய முதலாளி செத்துப்போனார். பிள்ளைகள் குடியிருப்பை விற்றார்கள். வாங்கிய கம்பெனியின் பெயர் 'செரினிட்டி ஹார்வெஸ்ட்'. அதாவது நிம்மதி, அறுவடை. நிம்மதி அவர்களுக்கு. அறுவடை இவர்களிடம்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தரை வாடகை இரட்டிப்பு.

கட்ட முடியாதென்றால் வெளியேற வேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் இத்தனை பழைய வீட்டைச் சேர்த்துக்கொள்ளும் குடியிருப்பு சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆக, வீட்டை அப்படியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். விட்டுப்போன வீடு கம்பெனிக்குச் சேரும்.

"ரொம்ப அழகான திட்டம்" என்றான் பக்கத்து வீட்டு ஆர்துரோ செபேதா. வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன், வாயிலும் அதே தீப்பொறி. "திருடன்கூட வீட்டுல இருக்கறதைத்தான் எடுப்பான். இவனுங்க வீட்டையே எடுக்கறானுங்க, அதுவும் நம்மளையே சாவியைக் கொண்டுவந்து குடுக்க வெச்சு."

"அதுக்குத்தான் நகரமன்றம் இருக்கே" என்றாள் வெர்னா. "வாடகைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கன்னு கேப்போம். பக்கத்து ஊர்ல வெச்சிருக்காங்களே."

ஆர்துரோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "செனோரா, நீங்க நகரமன்றக் கூட்டத்துக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?"

"இல்லை."

"முகத்தைப் பாத்தாலே தெரியுது. இவ்வளவு தெம்பா இருக்கீங்க."

*

மே மாதக் கூட்டம். மண்டபத்தில் நல்ல குளிர். மேடையில் தோல் நாற்காலிகளில் ஐந்து பேர். நடுவில் மேயர் லாயல் பிரம்ஃபீல்ட், கையில் மரச் சுத்தியல்.

முதலில் பிரார்த்தனை. பிறகு கொடி வணக்கம். பிறகு ஊருக்குள் நன்னடத்தை காட்டிய ஒரு நாய்க்குப் பாராட்டுப் பத்திரம். நாய் அதை வாங்கி மென்றது. அடுத்து, வாத்துக் குளத்துப் பெஞ்சுகளுக்கு என்ன பச்சை அடிப்பது என்ற விவாதம். பாசிப் பச்சையா, இலைப் பச்சையா?

"இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று ஆரம்பித்தார் கவுன்சிலர் ஃபீனி. அவர் எதையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். முடிப்பதும் அப்படித்தான். "பாசியைப் பத்தி யோசிக்கணும். அதே சமயம் இலையையும் நாம மறந்துடக் கூடாது."

குவெயில் ஹாலோ மக்கள் அத்தனை பேரும் பின் வரிசைகளில் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தூங்கிப்போனார்கள். பாசி ஜெயித்தது.

கடைசியில் இவர்கள் முறை வந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். மைக்குக்கு முன்னால் மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கலாம், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும்.

வெர்னா வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சமையலறையில் முட்டை வேகவைக்கும்போது திருகிவைக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. கோழி வடிவம். நேரம் ஆனதும் கிணுகிணுக்கும். அதை மேஜைமேல் வைத்து, அது கிணுகிணுப்பதற்குள் பேசி முடிக்கப் பழகியிருந்தாள்.

கோழிக்கு முன்னால் சரளமாக வந்தது மேயருக்கு முன்னால் வரவில்லை. மைக்கை உயர்த்துவதிலேயே பச்சையில் பாதி போயிற்று.

"என் பேரு வெர்னா. எனக்குப் போக்கிடம் இல்லை. அந்த வீட்டை என்னால தூக்கிட்டுப் போகவும் முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். செப்டம்பர்ல நான் எங்க போறது?"

ஐந்து முகங்களும் அவளைப் பார்த்தன. குளத்து வாத்துகளாவது ஏதாவது குரல் கொடுத்திருக்கும்.

"என்ன, யாரும் பதில் சொல்ல மாட்டீங்களா?"

நகர வக்கீல் மெரிடித் ஆஸ்குட் தன் மைக்கை இழுத்துக்கொண்டார். மெலிந்த உருவம், மெலிந்த கண்ணாடி, மெலிந்த குரல். "பொதுமக்கள் கேக்கற கேள்விக்கு மன்றம் இங்க பதில் சொல்ல முடியாதுங்க மேடம். விதி அப்படி."

"அப்போ எதுக்குக் கேக்கச் சொல்றீங்க?"

சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார் மேயர்.

குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசினார்கள். அத்தனை பேர் கருத்துக்கும் நன்றி கிடைத்தது. பிறகு மேயர் எழுந்து நின்றார். அவருக்கு விளக்கு கிடையாது.

"என் அருமை மக்களே! உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. ஆமா, பொறாமை! எனக்கு மலைமேல வீடு. பெரிய வீடுதான். நீச்சல் குளம் இருக்கு, திராட்சைத் தோட்டம் இருக்கு. ஆனா ஒரு சக்கரம் இருக்கா? ஒரே ஒரு சக்கரம்? கிடையாது! எனக்கு அந்த இடம் பிடிக்காமப் போச்சுன்னா நான் எங்க போவேன்? நான் சிறைப்பட்டவன். நீங்க சுதந்திரப் பறவைங்க! வாடகை ஒத்துவரலையா, கொக்கியை மாட்டுங்க, கிளம்புங்க! இந்த மாநிலத்தை உருவாக்கினவங்களே வண்டி கட்டிக்கிட்டு வந்தவங்கதானே!"

"அவர் வீட்டை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டைக் குடுத்துடலாமா?" என்று ஆர்துரோ வெர்னாவின் காதில் கேட்டான். "பாவம், சிறைப்பட்டிருக்காரு."

கவுன்சிலர் ஃபீனி இரண்டு பக்கமும் நியாயம் கண்டார். விவகாரம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

*

அடுத்த அமர்வில் வெர்னா தயாராக இருந்தாள். இந்த முறை மைக்கைத் தொடப்போவதில்லை. குனிந்தே பேசிவிடுவது என்று முடிவு.

அவள் மைக்கை நெருங்கும்போதே மெலிந்த குரல் கேட்டது.

"மேடம், நீங்க ஏற்கெனவே பேசிட்டீங்க."

"அது போன கூட்டம்."

"போன கூட்டம்னு ஒண்ணு இல்லைங்க. அந்தக் கூட்டம் இன்னும் முடியலை. இந்த விவகாரத்தைத் தள்ளிதான் வெச்சிருக்கோம். ஆகவே இது அதே கூட்டத்தோட தொடர்ச்சி. ஒரு கூட்டத்துல ஒரு விவகாரத்தைப் பத்தி ஒருத்தர் ஒரு தடவைதான் பேசலாம்."

வெர்னா திரும்பிப் பார்த்தாள். பின்வரிசைகளில் அவள் ஊர் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. எல்லோரும் மே மாதமே பேசிவிட்டவர்கள். குவெயில் ஹாலோவில் வாய் தீர்ந்துவிட்டது. பேசாமல் மிச்சமிருந்தது ஒரு கிளி மட்டும்தான். அதுவும் கெட்ட வார்த்தை பேசும் கிளி.

"அப்போ கம்பெனி ஆளு?" என்று கேட்டாள்.

"அவர் பொதுமக்கள் இல்லைங்க. அவர் சம்பந்தப்பட்ட தரப்பு."

"நான் சம்பந்தப்படலையா?"

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார் மேயர்.

சம்பந்தப்பட்ட தரப்பான கெண்டல் வாஸ் வெள்ளைப் பல்லோடு மேடையேறி, சாவகாசமாகப் பேசினார். வாடகை உயர்வு என்பது உயர்வே அல்ல. குடியிருப்பவர்களுக்கும் தரைக்கும் உள்ள உறவை ஆழப்படுத்தும் முயற்சி. அவருக்காக எந்த விளக்கும் எரியவில்லை.

அன்றும் ஓட்டெடுப்பு இல்லை. காரணம் ஊருக்கே தெரியும். நவம்பரில் தேர்தல். உச்சவரம்பு வேண்டும் என்று கை தூக்கினால் கம்பெனியின் நன்கொடை போகும். வேண்டாம் என்று தூக்கினால் குவெயில் ஹாலோவின் ஓட்டு போகும். கையைத் தூக்காமலே இருந்துவிட்டால் இரண்டும் பத்திரம். செப்டம்பர் பிறந்துவிட்டால் பிரச்சினையே காலிசெய்துகொண்டு போய்விடும்.

அதனால் கூட்டம் முடியவேயில்லை. தள்ளிப்போயிற்று. மறுபடி தள்ளிப்போயிற்று.

ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க மேடம். எந்த அளவுக்கு நடமாட்டத்தோட இருக்கறதா நீங்க உணர்றீங்க?"

"யாரு? நானா, வீடா?"

"உங்க மனசுல அதைத் தனித்தனியாப் பிரிக்கறீங்களா? ரொம்ப சுவாரஸ்யம்."

"தம்பி, எனக்கு முட்டியில வாதம். வீட்டுக்கு அடியில காரைத்தூணு. ரெண்டு பேரும் நகர மாட்டோம். எழுதிக்க."

அவர் எழுதிக்கொண்டார். மன்றத்தில் அறிக்கை வாசித்தபோது அது 'குடியிருப்போருக்கும் வீடுகளுக்கும் இடையே ஆழ்ந்த இயக்க ஒற்றுமை நிலவுகிறது' என்று மாறியிருந்தது.

வக்கீல் ஆஸ்குட் அந்தப் புள்ளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாடகைக்கு வரம்பு வைக்கும் அதிகாரம் நகரமன்றத்துக்கு வீடுகள் விஷயத்தில்தான் உண்டு. இவை வீடுகளா? சக்கரம் பொருத்தித் தொழிற்சாலையில் செய்தவை. சாலை வழியாக வந்தவை. ஆகவே இவை வண்டிகள். நிற்கும் வண்டிகள்.

"குடியிருக்கிறார்களே" என்று மண்டபத்தில் யாரோ கத்தினார்கள்.

"வண்டிக்குள் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது குற்றமில்லை" என்றார் ஆஸ்குட் பெருந்தன்மையாக.

தீர்மானம் நிறைவேறியது. லாஸ் பெராலெஸ் எல்லைக்குள் நடமாடும் வீடுகள் அனைத்தும் இன்றுமுதல் வண்டிகள். வாடகை விவகாரம் மட்டும் வழக்கம்போல தள்ளிவைக்கப்பட்டது. வண்டி என்று சொல்லிவிட்டோமே, பிறகு எதற்கு விவகாரம் என்று யாரும் கேட்கவில்லை. விவகாரத்தை ரத்து செய்வதென்றாலும் கையைத் தூக்க வேண்டுமே.

அன்றைக்கு வெளியே வந்தபோது வெர்னா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நாப்பது வருஷமா வண்டிக்குள்ள உக்காந்திருக்கேனாம், ஆர்துரோ. அந்த வண்டியிலதான் என் புருஷன் செத்தான்."

"விபத்துல போனான்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்றான் ஆர்துரோ. சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டினான். பிறகு தன் பிக்கப் வண்டியின் சாவியைத் திருகினான்.

வண்டி இருமியது. செத்தது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. ஒரு செத்த பேட்டரியால்.

*

வண்டியை மன்ற வளாகத்திலேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள். மறுநாள் பேட்டரியோடு வந்து பார்த்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு.

ஆர்துரோ ஸ்பானிய மொழியில் சொன்ன எதையும் இங்கே எழுத முடியாது.

"கத்தாதே" என்றாள் வெர்னா. அவள் தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை அதன் கீழே நடந்திருக்கிறாள். படித்ததில்லை.

'நகரமன்றக் கூட்டத்துக்கு வந்த வண்டிகளுக்கு மட்டும். கூட்டம் முடியும் வரை நிறுத்தலாம்.'

"நீ எதுக்காக வண்டியை இங்க நிறுத்தின?"

"என்ன கேள்வி இது, கூட்டத்துக்குத்தான்."

"கூட்டம் முடிஞ்சிடுச்சா?"

ஆர்துரோ பலகையை அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் ஒரு பக்கமாக ஏற ஆரம்பித்தது.

மன்றச் செயலர் யோலண்டா பரேரா எப்போதும் முகத்தில் எதையும் காட்டாத பெண். எத்தனையோ மேயர்களைப் பார்த்ததில் வந்த பழக்கம். அபராதச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம்மா" என்றாள் வெர்னா. "மே மாசம் ஆரம்பிச்ச கூட்டம் முடிஞ்சிடுச்சா?"

"இல்லை. தொடருது."

"இப்பவும்? இந்த நிமிஷமும்?"

"விதிப்படி, இந்த நிமிஷமும்."

யோலண்டா 'ரத்து' முத்திரையை எடுத்துச் சீட்டில் குத்தினாள். பிறகு, தானாகச் சொல்வதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பலகையில எந்த மாதிரி வண்டின்னு போடலை. நீளம், அகலம் ஒண்ணும் போடலை. நான் எப்பவும் சொல்வேன், பலகை எழுதும்போது கவனமா எழுதணும்னு. யாரு கேக்கறாங்க?"

*

ஆர்துரோவின் மச்சான் சூய் வீடு இழுக்கும் தொழிலில் இருப்பவன். ஒரு முழு வீட்டையும் இழுக்கும் குட்டை லாரி அவனிடம் இருந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேயரின் முகத்தைப் பார்க்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதுமாம்.

சனிக்கிழமை காலை, ஊர் விழித்து காப்பி குடிக்கும் வேளையில், வெர்னாவின் வீடு இரண்டாவது முறையாக நகர்ந்தது.

முதலில் ஒரு முனகல். பிறகு தரையோடு ஒட்டியிருந்த எல்லாம் பிய்ந்து வந்தன. வேர், சிலந்திவலை, ஒரு பழைய டென்னிஸ் பந்து. வெர்னா ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் விரிசல் விட்டால்? கூரை விட்டுப்போனால்? இது ஒன்றுதான் அவளுக்கு இருக்கிறது. வழியில் இடிந்தால் அறுவடை கம்பெனிக்கு வேலையே மிச்சம்.

"இப்பவும் நிறுத்தலாம், செனோரா" என்றான் ஆர்துரோ. இந்த முறை கிண்டல் இல்லை.

"பஸ்ஸை எடுத்த பிறகு நடுவழியில நான் எப்பவாவது நிறுத்தியிருக்கேனா? சூயை ஓட்டச் சொல்லு."

குடியிருப்பின் வாசலில் கெண்டல் வாஸ் ஓடிவந்து மறித்தார். "மேடம், இடத்தைக் காலி பண்றீங்கன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க!"

"யாரு காலி பண்றா? வாடகை கட்டியிருக்கேன். வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள ஒரு வேலையாப் போறேன். உங்க காரை எடுத்துக்கிட்டு நீங்க கடைக்குப் போனா, வரும்போது உங்க வீடு போயிடுமா?"

அவருடைய வெள்ளைப் பல் அப்படியே நின்றது.

பிரதான சாலையில் போலீஸ்காரன் நிறுத்தினான். இளைஞன். மூக்குக்கு மேல் வெயில் கண்ணாடி.

"வீட்டைக் கொண்டுபோறதுக்கு அனுமதிச் சீட்டு எங்க?"

"வீடா? எங்க இருக்கு வீடு?" என்றாள் வெர்னா, சூயின் பக்கத்து இருக்கையிலிருந்து தலையை நீட்டி. தீர்மானத்தின் நகலை நீட்டினாள்.

அவன் படித்தான். வீட்டைப் பார்த்தான். ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் 'கால் துடைக்கவும்' மிதியடி. மறுபடி படித்தான். வண்டி.

சட்டம் எதுவோ அதைக் காப்பாற்றுவதாக உறுதிமொழி எடுத்தவன் அவன். வெகுநேரம் யோசித்து, "பின்னால சிவப்பு விளக்கு எரியலை" என்றான்.

ஆர்துரோ கிறிஸ்துமஸ் சரவிளக்கைக் கொண்டுவந்து பின்சுவரில் கட்டினான். அது மினுக்மினுக்கென்று எரிந்தது. போலீஸ்காரன் வழிவிட்டான். குவெயில் ஹாலோ மக்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். யாரோ கிளியையும் கொண்டுவந்திருந்தார்கள்.

வீடு பிழைத்தது. ஒரே ஒரு பெட்யூனியாத் தொட்டி மட்டும் உடைந்தது.

*

திங்கள்கிழமை காலை மேயர் பிரம்ஃபீல்ட் தன் அறை ஜன்னலைத் திறந்தார். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. எதிரே ஒரு சமையலறை ஜன்னல். அதில் வெர்னா.

"காலை வணக்கம், மேயர்! முட்டை எப்படி வேணும்?"

வளாகத்தின் ஒரு பக்கம் முழுக்க வீடு நின்றது. மேயரின் காருக்கென்று ஒதுக்கிய இடத்தை அவள் தொடவில்லை. அடுத்தவர் இடத்தில் நிறுத்துவது விதிமீறல். குறுக்கே ஒரு கொடி. கொடியில் துணிகள்.

மேயர் அலறியது மூன்று தெரு கேட்டது. வக்கீல் ஆஸ்குட் வந்தார். மெலிந்த உடம்பு இன்னும் மெலிந்திருந்தது.

"இழுத்து எறிங்க அதை! அது ஒரு வீடு!"

"அப்படிச் சொல்லாதீங்க, சார். அது வீடுன்னா நம்ம தீர்மானம் செல்லாது. அது வண்டி."

"சரி, வண்டி! வண்டியை இழுத்து எறிங்க!"

"கூட்டத்துக்கு வந்த வண்டி, சார். கூட்டம் முடியும் வரை நிக்கலாம்."

"அப்போ கூட்டத்தை முடிங்கய்யா!"

"அதுக்கு வாடகை விவகாரத்துல ஓட்டெடுக்கணும்."

மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக அவர் கட்டிய மதில் அது. இப்போது அவர் உள்ளே இருந்தார்.

மதியத்துக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெர்னா அவர்களுக்குப் பீச் பழ கேக் கொடுத்தாள். ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து வீட்டுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆர்துரோ ஒரு காமெராவைப் பார்த்துப் பவ்யமாகச் சொன்னான்: "நாளைக்கு என் வண்டி வருது. அதுக்கு மறுநாள் இன்னும் ரெண்டு. எங்க எல்லாருக்கும் கூட்டம்னா ரொம்ப ஆசை."

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

மேயர். தனியாக. முகத்தில் தேர்தல் சிரிப்பு.

"மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா, நாம ஒரே ஊர்க்காரங்க. மனசு விட்டுப் பேசலாமே."

"தாராளமா" என்றாள் வெர்னா. உள்ளே போய்க் கோழிக் கடிகாரத்தைக் கொண்டுவந்து, திருகி, படிக்கட்டுக் கைப்பிடியில் வைத்தாள். "மூணு நிமிஷம்."

மேயர் கோழியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரின் மாண்பைப் பற்றிச் சொன்னார். மன்றத்துக்கு எத்தனை நெருக்கடிகள் என்றார். கம்பெனிக்காரர்களிடம் தனியாகப் பேசி, வெர்னாவுக்கு மட்டும், அவளுக்கு மட்டும், பழைய வாடகையே போதும் என்று ஏற்பாடு செய்யலாம் என்றார். யாருக்கும் தெரிய வேண்டாம். வீட்டை எடுத்துவிட்டால் போதும்.

வெர்னாவுக்குத் தேவையானது அவ்வளவுதான். அவளுடைய தரை, அவளுடைய வாடகை, அவளுடைய செப்டம்பர். கையை நீட்டினால் முடிந்தது.

படிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளில் குடியிருப்பு சனம் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தது. ஆர்துரோ கிளிக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றீங்க?" என்றார் மேயர். "சரின்னு சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது. நான் எங்க போறது, நீங்களே சொல்லுங்க!"

கோழி கிணுகிணுத்தது.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றாள் வெர்னா. கதவைச் சாத்தினாள்.

மறுபடி தட்டும் சத்தம். அவள் திறக்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினாள்.

"மேயர், இது அதே பேச்சோட தொடர்ச்சி. நீங்க ஏற்கெனவே பேசிட்டீங்க."

கிளி ஒரு வார்த்தை சொன்னது. அதற்குத்தான் இன்னும் பேசும் உரிமை பாக்கி இருந்தது.

*

மறுநாள் அவசர அமர்வு. மண்டபம் கொள்ளாத கூட்டம், ஐந்து காமெரா. காமெராவைப் பார்த்ததும் மேடையில் ஐந்து பேருக்கும் அறிவுக்கண் திறந்தது.

"எனக்கு முதல் நாள்லேர்ந்தே ஒரே எண்ணம்தான்!" என்று முழங்கினார் மேயர். "வீடுங்கறது வீடுதான்! அதுக்குச் சக்கரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இந்த எளிய மக்களோட வீட்டை வண்டின்னு சொல்ல யாருக்குத் துணிச்சல் வந்தது?"

ஆஸ்குட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்சிலர் ஃபீனி எழுந்தார். "இரண்டு பக்கமும்..." என்று ஆரம்பித்தவர் காமெராவைப் பார்த்தார். "...நானும் நியாயத்தின் பக்கம்தான்" என்று முடித்தார்.

யோலண்டா பெயர்களை வாசித்தாள். ஐந்துக்கு ஐந்து. தரை வாடகைக்கு உச்சவரம்பு நிறைவேறியது. வண்டித் தீர்மானம் ரத்து. நடமாடும் வீடுகள் அனைத்தும் இந்த நொடிமுதல் வீடுகள். கைதட்டலில் மண்டபத்தின் கூரை பறந்தது. ஆர்துரோ வெர்னாவைத் தூக்கிவிட்டான், முட்டி வாதத்தோடு சேர்த்து.

மேயர் சுத்தியலை ஓங்கினார். மே மாதத்திலிருந்து அவர் சொல்லாத சொல்லை ஆசைதீரச் சொன்னார்.

"கூட்டம் முடிந்தது! மன்றம் கோடை விடுமுறைக்குக் கலைகிறது! இனி செப்டம்பரில்தான்!"

சொன்ன கையோடு வளாகத்துக்கு ஓடினார். வெர்னா அவருக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்து, உடைந்த தொட்டியின் செடியை ஒரு பழைய வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா! கூட்டம் முடிஞ்சாச்சு. வண்டியை எடுங்க."

"எந்த வண்டி?"

மேயர் வீட்டைக் காட்டினார். காட்டிய கை பாதியில் நின்றது.

"இது வீடாச்சே, மேயர்" என்றாள் வெர்னா. "இப்பத்தான் நீங்களே சொன்னீங்க. என்ன அழகாச் சொன்னீங்க! வீட்டை ரோட்டுல கொண்டுபோகணும்னா அனுமதிச் சீட்டு வேணுமாம். யோலண்டாகிட்ட கேட்டுட்டேன். மன்றம் கூடித்தான் அதைக் குடுக்கணுமாம்."

வாளியில் மண்ணை அழுத்தினாள்.

"மன்றம் எப்ப கூடுது?"

மேயர் வாயைத் திறந்தார். அவருக்கு எதிரே எந்த விளக்கும் இல்லை, இருந்தாலும் சிவப்பு எரிவதுபோலத்தான் நின்றார்.

வெர்னா எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வெங்காயம் வதங்க ஆரம்பித்தது.